மஞ்சளுக்கு அரை மில்லிமீட்டர்

அந்த அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் பேனாக்கா. பேனா அக்கா என்று ஆரம்பித்தது, அவசரத்தில் தேய்ந்து அப்படி ஆகிவிட்டது. இதில் வேடிக்கை என்னவென்றால், அவள் கையில் பேனா இருந்து அங்கே யாரும் பார்த்ததே இல்லை. காலை ஒன்பதரைக்குக் கணினி முன் உட்கார்ந்தால் மாலை ஐந்தரை வரை வலது கையில் மவுஸ், இடது கை விசைப்பலகையில், நடுவில் ஆறிப்போன டீ.

பெயர் வந்த கதை பழசு. இருபத்தாறு வருஷத்துக்கு முன் அவள் வேலைக்குச் சேர்ந்தபோது, வரைபடம் அச்சடிக்கும் இயந்திரத்தில் நிஜமாகவே எட்டுப் பேனாக்கள் இருந்தன. இயந்திரம் ஒவ்வொன்றாக எடுத்து, வரைந்து, திரும்ப வைக்கும். திரையில் சிவப்பாக இருக்கும் கோட்டுக்கு எந்தப் பேனா, பச்சைக்கு எந்தப் பேனா என்று யாருக்கும் ஞாபகம் இருக்காது. அவள்தான் ஒரு சீட்டில் எழுதி இயந்திரத்தின் மூடியில் ஒட்டிவைத்தாள். பிறகு அந்த இயந்திரம் போய் வேறு இயந்திரம் வந்தது. பேனாக்கள் போய் மைப்பெட்டி வந்தது. சீட்டு மட்டும் கணினிக்குள் ஒரு கோப்பாகக் குடியேறியது. வெளியுலகம் அதை பிளாட் ஸ்டைல் என்று சொல்லும். அங்கே அது அக்காவின் பேனாப் பட்டியல்.

அதில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. திரையில் என்ன நிறமாக இருந்தாலும் தாளில் கறுப்பு. சிவப்பு என்றால் நூல் மாதிரி மெல்லிசு, அளவு குறிக்க. பச்சை கொஞ்சம் தடிமன், கதவு ஜன்னலுக்கு. நீலம் அதற்கும் மேல், புதுச் சுவருக்கு. மஞ்சள் அரை மில்லிமீட்டர், எல்லாவற்றையும்விடத் தடிமன். எது இல்லாவிட்டால் கட்டடம் நிற்காதோ அது மஞ்சள். எட்டாம் எண் சாம்பல் மட்டும் சாம்பலாகவே விழும், அது ஏற்கெனவே இருக்கிற பழைய சுவருக்கு. அவ்வளவுதான். பச்சைக் குழந்தைக்குக்கூடப் புரியும். புரிந்துகொள்ள மாட்டேன் என்று முடிவோடு வருகிறவர்களுக்குத்தான் புரியாது.

மஞ்சளை ஏன் முக்கியமானதற்கு வைத்தாள் என்றால், வரைகிற திரை கறுப்பு. கறுப்பில் மஞ்சள்தான் பளிச்சென்று கண்ணில் அடிக்கும். வரைகிறவள் எதை மறக்கக் கூடாதோ அது அவள் கண்முன்னே கத்திக்கொண்டிருக்க வேண்டும் அல்லவா.

இன்னொரு காரியமும் செய்திருந்தாள். தாளின் வலது கீழ் மூலையில் ஒரு கட்டம் இருக்கும். கட்டடத்தின் பெயர், அளவு, வரைந்தவர் என்ற இடத்தில் அவளுடைய முதலெழுத்துகள் இரண்டு. அதற்குக் கீழே எறும்பு வரிசை மாதிரி ஒரு வரி வைத்தாள். எந்த நாள், எத்தனை மணிக்கு, யாருடைய கணினியிலிருந்து, எந்தப் பேனாப் பட்டியலில் அச்சானது என்பதெல்லாம் அதில் தானாகவே விழும். "அக்கா தாளுக்குப் பிறப்புச் சான்றிதழ் குடுக்குறாங்கப்பா" என்று அலுவலகமே சிரித்தது. அவளும் கூடச் சிரித்துவிட்டு அந்த வரியை அப்படியே விட்டுவைத்தாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த இடத்தில்தான் மாப்பிள்ளை வந்து சேர்ந்தார். அலுவலகம் பெரிய இன்ஜினியருடையது. அவருக்கு மூட்டு வலி. மாடிப்படி ஏற முடியவில்லை என்று மகளைக் கட்டியவரை மேலாளராக அனுப்பிவைத்தார். முப்பத்திரண்டு வயது, மடிப்புக் கலையாத சட்டை. கட்டடம் கட்டி அவருக்குப் பழக்கமில்லை, விற்றுத்தான் பழக்கம். எதிரில் எல்லாரும் சார் என்பார்கள். முதுகுக்குப் பின்னால் மாப்பிள்ளை.

மாப்பிள்ளை முதல் வாரம் மேசைகளைத் திருப்பிப் போட்டார். இரண்டாம் வாரம் தரையில் கம்பளம் விரித்தார். தன் கணினியில் தன்னுடைய முழுப்பெயரையும் படித்த பட்டங்களோடு ஏற்றச் சொன்னார். மூன்றாம் வாரம் பேனாப் பட்டியலில் கை வைத்தார்.

"ஏன்க்கா, நம்ம டிராயிங் எல்லாம் இவ்வளவு கறுப்பா இருக்கு? பார்த்தாலே பயமா இருக்கே. கொஞ்சம் சாஃப்டா இருக்க வேணாமா?" என்று எல்லாரையும் உட்காரவைத்துக் கேட்டார்.

"கட்டுறவங்க வெயில்ல நின்னு பார்க்கிற தாள் சார் அது. கறுப்பா இருந்தாத்தான் தெரியும்."

"கிளையண்ட் வெயில்லயா நிக்கிறாரு? ஏசி ரூம்ல உட்கார்ந்துதானே பார்க்கிறாரு! கம்ப்யூட்டர்லயே ரெடிமேடா ஒண்ணு இருக்கு, கிரேஸ்கேல்னு. எல்லாக் கலரும் அழகா சாம்பலா விழுது. இனிமே அதுதான்."

"மஞ்சள் விழாது சார்."

"என்னது?"

"திரை கறுப்பு, அதனால மஞ்சள் பளிச்சுனு தெரியுது. தாள் வெள்ளை. மஞ்சளைச் சாம்பலாக்கினா அது வெள்ளைக்குப் பக்கத்துல போய் ஒண்டிக்கும். தடிமனும் போயிடும், ஏன்னா தடிமன் எல்லாம் என் பட்டியல்லதான் எழுதியிருக்கு."

மாப்பிள்ளை கடிகாரத்தைப் பார்த்தார். "ஒரு பிரிண்ட் செட்டிங்குக்கு இவ்வளவு பெரிய பிரசங்கமா?" என்று சிரித்தார். அவர் சிரித்தால் மற்றவர்களும் சிரித்தாக வேண்டும், சிரித்தார்கள். போகிற போக்கில் இன்னொரு சட்டமும் போட்டார். இனிமேல் எல்லாத் தாளும் தன்னுடைய கணினியிலிருந்துதான் அச்சாகும், அவரவர் இஷ்டத்துக்கு அச்சடிப்பது கூடாது. இருபத்தாறு வருஷமாக வெளியே போகிற ஒவ்வொரு தாளையும் ஒரு முறை கண்ணால் தடவிவிட்டு அனுப்பியவளுக்கு, அன்றிலிருந்து எது போகிறது, எப்படிப் போகிறது என்றே தெரியாமல் போனது.

பத்து நாள் கழித்து, காலையில் டீ ஆறுவதற்கு முன்னாலேயே தொலைபேசி அடித்தது. மேஸ்திரி. அவளுடைய தாளைப் பார்த்துப் பதினைந்து வருஷமாகக் கட்டுகிறவர். இப்போது ஒரு கிளினிக்கில் சுவர் எடுத்து மாற்றும் வேலை அவர் கையில். அதட்டிப் பேசத் தெரியாத மனிதர், அன்றைக்குத் தொண்டை கிழியக் கத்தினார்.

"ஏம்மா, என் உயிரை எடுக்கணும்னு முடிவு பண்ணிட்டீங்களா? கிளினிக்ல அந்த நடுச் சுவரை எடுக்கச் சொல்லிட்டு, மேல தாங்குறதுக்கு ஒண்ணுமே போடாம அனுப்பிட்டீங்களே!"

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உத்திரம் போட்டிருக்கேனே மேஸ்திரி! முதல்ல இரும்பு உத்திரம், அப்புறம்தான் சுவர்னு எழுதியே இருக்கேனே!"

"எங்க எழுதியிருக்கு? தாளைக் கையில வச்சுக்கிட்டுத்தான் பேசுறேன். உங்க தாள்னு நம்பித்தானேம்மா சுவர்ல கை வச்சேன்!"

மேல்வரிசையில் ஐந்தாறு செங்கல்லை உருவியதுமே கூரையில் விரிசல் ஓடியிருக்கிறது. மேஸ்திரி கைகாரர். சத்தம் கேட்ட நொடியிலேயே ஆட்களை வெளியே விரட்டிவிட்டு, இரும்புக் கம்பங்களை முட்டுக்கொடுத்து நிறுத்திவிட்டார். யாருக்கும் அடியில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் காத்திருந்த நோயாளிகளை நர்ஸ் அன்று காலைதான் வேறு அறைக்கு மாற்றியிருந்தாராம்.

விஷயம் மாப்பிள்ளையின் காதுக்கும் போயிற்று. என்ன நடந்தது என்று அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பத்து நிமிஷத்தில் ஒரு கடிதத்தைத் தட்டி அவள் மேசையில் வைத்தார். கிளினிக்காரர்களுக்கு எழுதிய கடிதம். "வரைபடம் தயாரித்தவரின் கவனக்குறைவால் உத்திரம் விடுபட்டுள்ளது." கீழே அவள் கையெழுத்துக்கு ஒரு கோடு. அந்தக் கோடு மட்டும் நல்ல கறுப்பாக இருந்தது.

"நாளைக்குக் காலையில கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுங்கக்கா. நீங்க விட்டிருக்கணும், இல்ல மேஸ்திரி படிக்காம இடிச்சிருக்கணும். உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர்தானே?" என்றார் மாப்பிள்ளை.

மூன்றாவதாக ஒருவர் இருக்கலாம் என்ற நினைப்பே அந்த மனிதருக்கு வரவில்லை பாருங்கள்! அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு பஸ் பிடித்துக் கிளினிக்குக் கிளம்பினாள்.

காத்திருப்பு அறை முழுக்கச் சுண்ணாம்புத் தூசி. ஆறு கம்பங்கள் கூரையைத் தாங்கிக்கொண்டு நின்றன. விரிசல் மூலையில் ஆரம்பித்து மின்விசிறிக் கொக்கிவரை போயிருந்தது. மேஸ்திரி முகம் கொடுத்துப் பேசவில்லை. தாளை மட்டும் நீட்டினார். கட்டட வேலைக்குத் தரும் வழக்கமான ஜெராக்ஸ் பிரதி.

தாளில் உத்திரம் இல்லை. சாய்த்துப் பார்த்தாள், ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். எடுக்க வேண்டிய சுவர் இருந்தது, கதவு இருந்தது, அளவுகள் இருந்தன. உத்திரமும் இல்லை, அதன் பக்கத்தில் எழுதிய வரியும் இல்லை. வெறும் வெள்ளை. வலது மூலையில் அவளுடைய முதலெழுத்துகள் மட்டும் குற்றவாளி மாதிரி உட்கார்ந்திருந்தன.

நிஜமாகவே விட்டுவிட்டேனா? வேறு கோப்பை அனுப்பிவிட்டேனா? கணவருக்குக் காய்ச்சலாக இருந்த வாரம் அல்லவா அது? இருபத்தாறு வருஷத்துக் கை, ஒரே ஒரு நாள் தூங்கியிருந்தால்கூட அந்த ஒரு நாளில் ஒரு கூரை விழுந்திருக்கும். அந்த அரை நிமிஷம் அவள் பட்ட பாட்டை எந்தக் கடிதத்தில் எழுதுவது, எவன் அதற்குப் பதில் சொல்வது?

பிறகு அந்த எறும்பு வரிசை கண்ணில் பட்டது. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் தாளைக் கண்ணருகே கொண்டுபோனாள். போன செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்று பத்து. அச்சிட்டவர் என்ற இடத்தில் மாப்பிள்ளையின் முழுப்பெயர், பட்டங்களோடு. பேனாப் பட்டியல் என்ற இடத்தில் கிரேஸ்கேல்.

"மேஸ்திரி, நான் போட்டேன். உங்களுக்கு வந்து சேரலை. ரெண்டும் நிஜம். நாளைக்குக் காலையில இந்தத் தாளோட ஆபீசுக்கு வர முடியுமா?"

மேஸ்திரி குனிந்து தன் காலைப் பார்த்தார். "அந்தக் கம்பளம் போட்ட ஆபீசுக்கா? கால்ல தூசியா இருக்குமேம்மா."

"அதோடயே வாங்க."

வீட்டில் கணவர் முன்னறையில் தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தார். நடந்ததைக் கேட்டுவிட்டு, "யாருக்கும் ஒண்ணும் ஆகலையே. ஒரு கையெழுத்துத்தானே, போட்டுக் குடுத்துட்டு வேலையைப் பாரேன். அவங்களோட எதுக்கு மல்லுக்கு நிக்கிற?" என்றார். சமாதானமாகப் போகிற மனிதர். அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஒரு கையெழுத்துத்தானா? அதைப் போட்டா, இத்தனை வருஷமா நான் போட்ட ஒவ்வொரு கோட்டையும் சந்தேகப்படுங்கன்னு நானே எழுதிக் குடுக்கிற மாதிரி! நாளைக்கு எந்த மேஸ்திரி என் தாளை நம்பி ஒரு செங்கல்லை எடுப்பார்? அதுவாவது போகட்டும். தப்புப் பண்ணினவர் அடுத்த வாரமும் அதே மாதிரிதானே அச்சடிப்பார்? அடுத்த கூரைக்கு அடியில யார் உட்கார்ந்திருப்பாங்கன்னு யாருக்குத் தெரியும்?"

கணவர் மிஷினை நிறுத்தினார். கையிலிருந்த சாக்பீஸைப் பார்த்தார், விரித்திருந்த சட்டைத் துணியைப் பார்த்தார். "அதாவது, வெள்ளைத் துணியில வெள்ளைச் சாக்பீஸால குறி போட்டுட்டு, வெட்டினவன் கண்ணு சரியில்லன்னு சொல்றாரு."

"அதேதான்!"

"அப்ப போடாதே" என்று சொல்லிவிட்டு மறுபடி மிஷினை மிதித்தார்.

மறுநாள் காலை மேஸ்திரி கம்பளத்தின் நடுவில் நடந்து வந்தார். ஒவ்வொரு அடிக்கும் ஒரு வெள்ளைத் தடம். மாப்பிள்ளை அந்தத் தடங்களைப் பார்த்து முகம் சுளித்துக்கொண்டிருக்கும்போதே, பேனாக்கா அவருடைய நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். "ஒரு நிமிஷம் சார்" என்றாள், அவ்வளவுதான்.

கிளினிக் வரைபடத்தைத் திறந்தாள். கறுப்புத் திரையில் உத்திரம் மஞ்சளாகப் பளிச்சிட்டது. பக்கத்தில் மஞ்சள் எழுத்தில், முதலில் உத்திரம், பிறகு சுவர். மாப்பிள்ளையின் கிரேஸ்கேலிலேயே ஒரு தாள் எடுத்தாள். பிறகு பேனாப் பட்டியலுக்கு மாற்றி இன்னொன்று எடுத்தாள். இரண்டையும் மேசையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தாள். ஒன்றில் உத்திரம் கட்டைவிரல் ரேகை மாதிரி, இருக்கிறதா இல்லையா என்று தடவிப் பார்க்க வேண்டியிருந்தது. மற்றதில் அரை மில்லிமீட்டர் கறுப்பில் கம்பீரமாகக் கிடந்தது. முதல் தாளைக் கொண்டுபோய் ஜெராக்ஸில் வைத்து எடுத்தாள். வந்த பிரதியில் அந்த ரேகையும் இல்லை.

மேஸ்திரி தன் கையிலிருந்த கசங்கிய தாளை அதன் பக்கத்தில் வைத்தார். அச்சு அசல் அதே வெள்ளை.

மாப்பிள்ளை கெட்டிக்காரர், அதைச் சொல்லியே ஆக வேண்டும். முகம் வெளுத்தது ஒரு நொடிதான். உடனே சிரித்தார். "ஓ, இதுதான் விஷயமா! நல்லவேளை கண்டுபிடிச்சீங்க. சரிக்கா, உங்க பட்டியலையே திரும்பப் போட்டுக்குவோம். இதை இத்தோட விட்டுடலாம். நான் லெட்டரை மாத்திடுறேன்."

அங்கேயே நின்றபடி மாற்றி அச்சடித்தும் கொடுத்தார். "தொழில்நுட்பக் கோளாறு காரணமாக ஒரு தவறு நேர்ந்துவிட்டது."

அவள் அந்த வரியை இரண்டு முறை படித்தாள். நேற்று தவறு அவள் தலையில் இருந்தபோது அதற்கு ஆள் இருந்தது, கவனக்குறைவு என்று பெயரும் இருந்தது. இன்று இடம் மாறியதும் ஆளையே காணோம். நேர்ந்துவிட்டதாம்! மழை பெய்தது, பொழுது விடிந்தது என்கிற மாதிரி, அதுபாட்டுக்கு நேர்ந்துவிட்டதாம். எச்சரித்தபோது சிரித்தவர் இல்லை, பட்டியலைத் தூக்கி எறிந்தவர் இல்லை, வேறு யாரும் அச்சடிக்கக் கூடாது என்று சட்டம் போட்டவர் இல்லை. உத்திரத்தைக் காணாமல் அடித்தது போதாதென்று இப்போது ஒரு மனிதரையே மறைத்துக் காட்டுகிறார்.

"மேஸ்திரி, அந்தப் பென்சிலைக் கொஞ்சம் குடுங்க."

மேஸ்திரி காதில் செருகியிருந்த தட்டைப் பென்சிலை எடுத்துக் கொடுத்தார். சுவரில் குறி போடுகிற தடித்த பென்சில். பேனாக்காவின் கையில் எழுதுகிற சாமான் ஒன்றை அலுவலகம் முதல்முறையாகப் பார்த்தது. அவள் "தொழில்நுட்பக் கோளாறு" என்பதை அடித்தாள். "நேர்ந்துவிட்டது" என்பதையும் அடித்தாள். அடித்த கோடு ஒவ்வொன்றும் அரை மில்லிமீட்டருக்குக் குறையாது. கடிதத்தைத் திருப்பி அவர் பக்கம் தள்ளினாள்.

"கோடு தானா மறையாது. யார் பண்ணினாங்களோ அதை எழுதுங்க. என் மேல போட்டதையும், மேஸ்திரி மேல போட்டதையும் எடுத்துட்டேன்னும் எழுதுங்க. அதைக் கிளினிக்குக்கு ஒண்ணு, பெரியவருக்கு ஒண்ணு அனுப்புங்க."

மாப்பிள்ளை கடிதத்தைப் பார்த்தார், கம்பளத்துத் தடங்களைப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டிருந்தது. குரலைத் தாழ்த்திக் கேட்டார், "இதுல என் பேரைப் போட்டே ஆகணுமாக்கா?"

அவள் மேஸ்திரியின் கசங்கிய தாளை எடுத்து, அந்த எறும்பு வரிசைக்கு நேராகப் பென்சில் முனையை வைத்தாள். இத்தனை நாளும் அவரை சார் என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள்.

"நான் எங்க போடச் சொன்னேன் தம்பி? அது செவ்வாய்க்கிழமையே அச்சாயிடுச்சு."

யாரும் சிரிக்கவில்லை. மாப்பிள்ளை விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தார். ஒரு பத்தி எழுத இருபது நிமிஷம் பிடித்தது. மூன்று முறை அழித்து எழுதினார். அதுவரை பேனாக்கா நகரவில்லை, மேஸ்திரியும் கம்பளத்தை விட்டு இறங்கவில்லை. கடைசியில் மூன்று பிரதிகள் வந்து விழுந்தன. கீழே கையெழுத்தும் விழுந்தது.

மேஸ்திரி தனக்கு ஒன்றை வாங்கி, வெயிலில் வரைபடம் பார்க்கிறவர் மாதிரியே கையை நீட்டித் தூரத்தில் பிடித்துக்கொண்டு, எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தார். "எச்சரிக்கையை... மீறி... நான்... செய்த... தவறு."

தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "இது நல்லாத் தெரியுதும்மா" என்றார்.